மாட்டுங்கா குமாஸ்தா தேர்ந்தெடுத்த ஆக்கி அணி

இந்திய ஆக்கி அணியைத் தேர்வு செய்வது யார்? டெல்லியில் கூடும் தேர்வுக் குழு என்றுதான் எல்லோரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் மும்பை சயான் கோலிவாடாவில், ஒரு தேநீர்க் கடை வாசலில், ஞாயிற்றுக்கிழமைதோறும் வேறொரு தேர்வுக் குழு கூடுகிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர். யாருக்கும் படி கிடையாது, பயணச் செலவு கிடையாது. தேநீர்க் காசு மட்டும் தலைவர் பொறுப்பு.

தலைவருக்கு வயது எழுபத்தேழு. கோவில்பட்டிக்காரர். 1969இல் ஒரு டிரங்குப் பெட்டியுடன் பம்பாய்க்கு வந்தவர். மாட்டுங்கா ரெயில்வே பணிமனை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். பணிமனையில் பில் எழுதிய அதே பழக்கத்தில், கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு ஆடியவர்களில் தலைசிறந்த பதினொரு பேர். எல்லாம் பென்சில் எழுத்து. பக்கத்தில் ஒரு ரப்பர். “பேனாவில் எழுத நான் என்ன கடவுளா?” என்று கேட்பார்.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு தீப்பெட்டியும் கடலை மிட்டாயும்தான் நினைவுக்கு வரும். ஊர்க்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் ஆக்கி. கரிசல் மண்ணில், வளைந்த கருவேலங்கொம்பை வெட்டிச் செதுக்கி, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் வாத்தியார் பிள்ளையும் ஒன்றாக ஆடிய ஊர் அது. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் இருந்தார். அந்தச் செய்தி வந்த அன்று பெரியவர் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார் என்று உறுப்பினர்கள் இன்றும் சொல்கிறார்கள். வழக்கமாக அவ்வளவு தாராளம் கிடையாது.

உறுப்பினர்களில் முக்கியமானவர், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வயது. பெரியவரை ‘அண்ணாச்சி’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கொண்டே, அவருடைய பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் கிழிகிழி என்று கிழிப்பவர். இன்னொருவர் பெரியவரின் பேரன். கல்லூரியில் படிக்கிறான். செயற்கைப் புல் தரையைத் தவிர வேறு தரையில் ஆக்கி ஆடியதைப் பார்த்தறியாத தலைமுறை.

தியான் சந்துக்கு இடமில்லையா?

பட்டியலைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். தியான் சந்த் இல்லாமல் ஓர் இந்திய ஆக்கி அணியா? 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ், 1936 பெர்லின் என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். பெர்லின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை அதன் சொந்த மண்ணிலேயே 8–1 என்று தோற்கடித்த அணியின் தலைவர். அவரையா விடுவது?

பெரியவர் சிரிக்கிறார். “தியான் சந்தை எடுத்துட்டா அப்புறம் தேர்வு ஏது, விவாதம் ஏது? கோவில்ல மூலவர் யாருன்னு ஓட்டுப் போட்டா தீர்மானிப்பாங்க?” அதனால்தான் 1947க்குப் பிறகு என்று எல்லை வைத்துக் கொண்டாராம். தியான் சந்தோடு அவர் தம்பி ரூப் சிங்கும் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். 1932இல் அமெரிக்காவை இந்தியா 24–1 என்று வென்றபோது பத்து கோல் போட்டவர். வயிற்றெரிச்சல்தான். ஆனால் விதி விதிதான்.

இன்னொரு விதியும் உண்டு. அணி, பழைய முறைப்படி நிற்கும். ஒரு கோல் கீப்பர், இரண்டு பேக், மூன்று ஆப், ஐந்து பார்வர்டு. இப்போதெல்லாம் யாரும் இப்படி ஆடுவதில்லை என்று பேரன் சொல்லிப் பார்த்தான். “நாற்காலிக்கு ஒரு பெயர் இருந்தாத்தானே, யார் உட்காரலாம்னு பேச முடியும்?” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

“எந்தத் தரையில் ஆடப் போறாங்க தாத்தா?” என்று அடுத்த கேள்வி. இது சாதாரணக் கேள்வி அல்ல. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில்தான் முதல் முறையாக செயற்கைத் தரையில் ஆக்கி ஆடினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்தியா, மாண்ட்ரீலில் ஏழாவது இடத்துக்குப் போய் விழுந்தது. புல் தரையில் மட்டையோடு பந்தை ஒட்ட வைத்து வளைந்து வளைந்து போன ஆட்டம் ஒரு பக்கம். வேகமும் நீண்ட அடியும் உடல் பலமும் முன்னால் வந்த ஆட்டம் மறுபக்கம். ஒரே பெயரில் இரண்டு விளையாட்டு என்றே சொல்லலாம். பெரியவரின் தீர்ப்பு: முதல் பாதி புல்லில், இரண்டாம் பாதி செயற்கைத் தரையில்! எந்தக் கூட்டமைப்பும் ஒப்புக் கொள்ளாத தீர்ப்பு. தேநீர்க் கடையில் ஒப்புக் கொண்டார்கள்.

ரப்பர் தேய்ந்த இடம்

கோல் கீப்பர் இடத்தில் சங்கர் லட்சுமண் என்ற பெயர் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது. மத்தியப் பிரதேசம் மவ் என்ற ஊரில் பிறந்த ராணுவ வீரர். 1956 தங்கம், 1960 வெள்ளி, 1964 தங்கம். டோக்கியோவில் 1964 இறுதி ஆட்டத்தில் மொகிந்தர் லால் போட்ட ஒரே கோலை வைத்துக் கொண்டு பாகிஸ்தானை 1–0 என்று மடக்கிய போது, பின்னால் சுவர் போல நின்றவர் அவர்தான். இன்றைய கோல் கீப்பர்களுக்கு இருக்கும் தலைக்கவசமும் மார்புக் கவசமும் அன்று கிடையாது. காலில் கட்டிய பேடு, கையில் மட்டை, மற்றபடி தைரியம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியபோது அணித் தலைவரும் அவர்தான். பிறகு மவ்வில், வறுமையில், காலில் ஏற்பட்ட அழுகல் நோயால் 2006இல் காலமானார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பெரியவர் இரண்டு நாள் யாரிடமும் ஆக்கி பேசவில்லை.

2024 ஆகஸ்ட் மாதம் அந்தப் பெயர் அழிந்தது. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இந்திய வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பத்துப் பேரோடு ஆட வேண்டிய நிலை. கேரளத்து ஸ்ரீஜேஷ் கோல் வாசலில் நின்றார். ஆட்டம் 1–1. ஷூட் அவுட்டில் இந்தியா 4–2 என்று வென்றது. பிறகு ஸ்பெயினை 2–1 என்று தோற்கடித்து வெண்கலம். அதோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். அதற்கு முன் டோக்கியோவில், 2021இல் நடந்த வெண்கல ஆட்டத்தில், ஜெர்மனிக்கு எதிராக 5–4 என்று இருந்தபோது கடைசி சில நொடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தவரும் அவர்தான். நாலு ஒலிம்பிக் ஆடியவர்.

பெரியவர் அன்று இரவு நோட்டை எடுத்தார். அழித்தார். எழுதினார். ‘ஸ்ரீஜேஷ்’. ஆனால் தூக்கம் வரவில்லையாம். “அந்த மனுஷனுக்கு உயிரோட இருந்தப்பவும் ஒண்ணும் செய்யலை, என் நோட்டுலயாவது இடம் இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டேனே” என்று மறுநாள் காலையில் தாராவி நண்பரிடம் புலம்பினார். “இப்ப பந்து வர்ற வேகத்துக்கு ஸ்ரீஜேஷ்தான் அண்ணாச்சி” என்று அவர் ஆறுதல் சொன்னார். அழித்த பெயரை மறுபடி எழுதவில்லை. காகிதம் அந்த இடத்தில் தேய்ந்து மெலிந்து போயிருக்கிறது.

பேக் இடத்தில் பிரிதிபால் சிங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1960, 1964, 1968 என்று மூன்று ஒலிம்பிக், மூன்றிலும் பதக்கம். பெனால்டி கார்னர் என்றால் எதிரணிக் கோல் கீப்பருக்கு வயிற்றைக் கலக்கும். கூடவே சுர்ஜித் சிங்கைப் போட வேண்டும் என்பது தாராவி நண்பரின் கட்சி. 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சமன் செய்த கோல் சுர்ஜித் போட்டது. 1984இல் சாலை விபத்தில் இளம் வயதிலேயே இறந்து போனவர். பெரியவர் மறுத்துவிட்டார். ஒரு பேக் முன்னேறிப் போய் அடித்தால் இன்னொருவர் வீட்டைக் காவல் காக்க வேண்டும். இரண்டு பேரும் அடிப்பவர்களாக இருந்தால் வீட்டை யார் பூட்டுவது? அந்தக் காவலுக்கு ஒடிசா சுந்தர்கர் மாவட்டத்து திலீப் திர்க்கியை நிறுத்தியிருக்கிறார். நானூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடிய பழங்குடி இளைஞர். 1996, 2000, 2004 ஒலிம்பிக்குகளில் ஆடியவர்.

ரைட் ஆப், லெஸ்லி கிளாடியஸ். இங்கே பெரியவருக்கு ரெயில்வே பாசம் கொஞ்சம் உண்டு. பிலாஸ்பூரில் பிறந்த கிளாடியஸ், கரக்பூரில் பெங்கால்–நாக்பூர் ரெயில்வேக்குக் கால்பந்து ஆடப் போனவர். போன இடத்தில் மட்டையைக் கையில் கொடுத்தார்கள். 1948, 1952, 1956 மூன்று தங்கம். 1960 ரோமில் அவர் அணித் தலைவர். பாகிஸ்தானிடம் 0–1 தோல்வி; 1928 முதல் தொடர்ந்து வந்த ஒலிம்பிக் தங்கம் அன்றுதான் கை நழுவியது. கோவில்பட்டியில் அப்போது பெரியவருக்குப் பன்னிரண்டு வயது. கடைத்தெரு ரேடியோ முன்னால் நின்று கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனது நினைவிருக்கிறது என்கிறார்.

சென்டர் ஆப், அஜித்பால் சிங். அணித் தலைவரும் அவரே. ஜலந்தர் அருகே சன்சார்பூர் என்ற ஒரே கிராமம் ஒலிம்பிக் ஆட்டக்காரர்களை வரிசை வரிசையாக அனுப்பியது. அந்த ஊர்ப் பிள்ளை. இந்தப் பெயருக்கு ரப்பர் பக்கத்திலேயே போனதில்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்த குரல்

காரணம், 1975. அந்த வருடம் பெரியவருக்கு இருபத்தேழு வயது. சாலில் ஒரே அறையில் ஆறு பேர். எல்லோருக்கும் சேர்த்து ஒரு டிரான்சிஸ்டர். கோலாலம்பூரில் உலகக் கோப்பை. அரையிறுதியில் மலேசியாவிடம் இந்தியா 1–2 என்று பின்தங்கி இருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி. இந்தி வர்ணனை. அறையில் இருந்த ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்த இந்தி முழுதாகப் புரியும். மற்றவர்கள் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே ஆட்டத்தைப் பார்த்தவர்கள்.

வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான் என்ற பேக் உள்ளே அனுப்பப்பட்டார். பெனால்டி கார்னர். கழுத்தில் கிடந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்தார் என்று பிற்பாடு பத்திரிகைகள் எழுதின. அறுபத்தைந்தாவது நிமிடம். 2–2! கூடுதல் நேரத்தில் அர்சரண் சிங் போட்ட கோலில் இந்தியா 3–2. சாலின் கீழ்த்தளத்துக் குஜராத்திக் குடும்பம், மேலே ஏதோ இடிந்து விழுந்துவிட்டது என்று ஓடி வந்ததாம். ஆறு பேர் குதித்த குதி அப்படி.

மார்ச் 15ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே பாகிஸ்தான். முதல் கோல் அவர்களுடையது. சுர்ஜித் சமன் செய்தார். தியான் சந்தின் மகன் அசோக் குமார் வெற்றி கோல் போட்டார். 2–1. இந்திய ஆடவர் அணி வென்ற உலகக் கோப்பை அது ஒன்றுதான். அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்சும் இருந்தார். வலது ஓரத்தில் பந்தை எடுத்துக் கொண்டு ஓடினால் பிடிக்க முடியாது. அவரும் வெகுகாலம் இந்த நோட்டில் ரைட் அவுட்டாக இருந்தவர்தான். பிறகு பெரியவரே எடுத்துவிட்டார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் தலைவரான கிஷன் லாலை அங்கே வைத்தார். சுதந்திரம் பெற்று ஒரு வருடம் ஆவதற்குள், ஆகஸ்ட் 12ஆம் தேதி, பிரிட்டனை அவர்கள் ஊரிலேயே, வெம்பிளி மைதானத்தில் 4–0 என்று வென்ற அணி அது. “இருநூறு வருஷத்துக் கணக்கை எழுபது நிமிஷத்துல தீர்த்தவர். அவருக்கு இடம் கொடுக்க பிலிப்சே ஒத்துக்குவார்” என்பது பெரியவரின் கணிப்பு.

சென்டர் பார்வர்டு, பல்பீர் சிங் சீனியர். 1952 எல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது. 1956இல் விரல் எலும்பு முறிந்திருந்தும் தலைவராக இறுதி ஆட்டம் ஆடியவர். 2020இல் மறைந்தார். மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

இடது பக்கம் இரண்டு பேரும் ஜோடியாக வந்தவர்கள். லெப்ட் இன் முகமது சாகித், லெப்ட் அவுட் சபர் இக்பால். சாகித் காசிக்காரர். ரெயில்வே ஊழியர். பந்தை மட்டையில் வைத்து அவர் காட்டிய வேடிக்கையில் எதிரணிப் பேக்குகள் இடுப்பைப் பிடித்துக் கொண்டு நின்றார்கள். 2016இல் காலமானார். சபர் பெயரைச் சொன்னால் பேரன் ஒரு பழைய காயத்தைக் கிளறுவான்: 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். பாகிஸ்தானிடம் 1–7. அன்று அணித் தலைவர் சபர்தான். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது கோலுக்குப் பிறகு பாதிப் பேர் இல்லை. “ஒரு நாள் கணக்குத் தப்பினா, முப்பது வருஷச் சர்வீசையும் தூக்கிப் போட்டுருவாங்களா?” என்று பெரியவர் திருப்பிக் கேட்பார். குமாஸ்தாவாக இருந்தவர் கேட்கிற கேள்வி.

கிர்க்கிப் பையன்

மிச்சம் இருப்பது ரைட் இன். இந்த இடத்துக்கு வந்ததும் தேநீர்க் கடையில் குரல் உயரும்.

நியாயப்படி அங்கே இருக்க வேண்டியவர் கே. டி. சிங் ‘பாபு’ என்பார்கள். 1948 தங்கம், 1952இல் தலைவராகத் தங்கம். நுணுக்கமான ஆட்டத்தில் தியான் சந்துக்கு அடுத்தபடி என்று பெரிய பெரிய ஆட்டக்காரர்களே சொன்ன பெயர். பெரியவர் நோட்டில் இருப்பது தன்ராஜ் பிள்ளை.

தன்ராஜ் புனே அருகே கிர்க்கியில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம். தகப்பனார் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவர். அங்கே உடைந்து எறிந்த மட்டைகளை ஒட்டிக் கட்டி, பெரியவர்கள் வேண்டாம் என்று விட்ட பந்தை வைத்து ஆடிப் பழகிய பையன். அண்ணன் ரமேஷும் இந்தியாவுக்கு ஆடியவர். பம்பாய்க்கு வந்து மகிந்திரா நிறுவனத்துக்கு ஆடத் தொடங்கினார். 1989இல் இந்திய அணி. பிறகு நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு ஆசிய விளையாட்டு.

வேலை முடிந்ததும் மாட்டுங்காவில் லோக்கல் பிடித்து வி.டி.யில் இறங்கி, அங்கிருந்து நடந்தே சர்ச்கேட் ஆக்கி மைதானத்துக்குப் போவார் பெரியவர். டிபன் பாக்சு கையிலேயே இருக்கும். நீளமான தலைமுடி பறக்க அந்தப் பையன் பந்தோடு ஓடினால் அரங்கில் எல்லோரும் தன்னையறியாமல் எழுந்து நிற்பார்கள். மராத்திக்காரர் ‘ஆம்ச்சா தன்ராஜ்’ என்று கத்துவார். பக்கத்தில் இருக்கும் தமிழர் ‘நம்ம தன்ராஜ்’ என்பார். இரண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை, இரண்டும் உண்மை.

“நம்ம ஆளுங்கிறதுக்காகத்தானே அண்ணாச்சி பாபுவைத் தூக்கினீங்க? நாலு ஒலிம்பிக் ஆடி ஒரு வெண்கலம்கூட இல்லையே” என்று தாராவி நண்பர் கேட்டார்.

பெரியவர் இதற்குச் சொன்ன பதில் நீளமானது. பாபுவுக்கு ஒரு பக்கம் பல்பீர், ஒரு பக்கம் கிஷன் லால், பின்னால் கிளாடியஸ். வைரத்துக்கு நடுவே வைரம். தன்ராஜ் ஆடிய காலம் எது? இந்திய ஆக்கி இறங்கு முகமாக இருந்த காலம். எதிரணியில் இரண்டு மூன்று பேர் அவர் ஒருவரையே சுற்றிக் கொள்வார்கள். அப்படியும் 1998 பாங்காக்கில் அணித் தலைவராக, முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வாங்கிக் கொண்டு வந்தார். வந்த சில வாரங்களில் பாகிஸ்தானுக்கு எதிரான தொடருக்கு அணியை அறிவித்தார்கள். தங்கம் வாங்கிய தலைவர் பெயர் அதில் இல்லை! ஆட்டக்காரர்களின் படிக் காசுக்காகவும் வாய் திறந்தவர் அவர். மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். 2000 சிட்னியில் போலந்துக்கு எதிராக 1–0 என்று முன்னணியில் இருந்து, முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கோல் வாங்கி, அரையிறுதி போனது. மைதானத்திலேயே கண்ணீர் விட்டார். வெளியே போனார், மறுபடி வந்தார், 2004 ஏதென்ஸ் வரை ஆடினார்.

“எட்டுப் பேர் தூக்குற பாரத்தை ஒருத்தன் தூக்கினான். பதக்கத்தை எண்ணாதே, பாரத்தை எண்ணு” என்று முடித்தார். தாராவி நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. தோல் பட்டறையில் பாரம் தூக்குகிறவர்.

ஆக, நோட்டில் இருந்த அணி இது: ஸ்ரீஜேஷ், பிரிதிபால் சிங், திலீப் திர்க்கி, லெஸ்லி கிளாடியஸ், அஜித்பால் சிங் (தலைவர்), வாசுதேவன் பாஸ்கரன், கிஷன் லால், தன்ராஜ் பிள்ளை, பல்பீர் சிங் சீனியர், முகமது சாகித், சபர் இக்பால். மாற்று ஆட்டக்காரர்களில் முதல் பெயர், மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கிய உதம் சிங். அவரை வெளியே உட்கார வைக்கிற தைரியம் உலகத்தில் வேறு யாருக்கும் வராது என்று பேரன் சொன்னான்.

லெப்ட் ஆப் யார்?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவி நண்பர் லெப்ட் ஆப் இடத்தில் விரலை வைத்தார்.

பாஸ்கரன் சென்னைக்காரர். லயோலா கல்லூரி மாணவர். 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் தலைவர். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4–3 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு இந்தியாவுக்கு ஆக்கியில் ஒலிம்பிக் தங்கம் கிடையாது. ஒரு தமிழன் தலைமையில் கடைசித் தங்கம் என்று பெரியவர் பெருமையாகச் சொல்லாத நாளில்லை.

ஆனால் மாஸ்கோவில் ஆடியது மொத்தம் ஆறு நாடு. ஆப்கானிஸ்தான் பிரச்சினையில் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. பாகிஸ்தான் வரவில்லை. மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஒன்றும் வரவில்லை. தான்சானியாவை 18–0, கியூபாவை 13–0 என்று வென்றதை எந்தக் கணக்கில் வைப்பது?

“எதிரே யார் வரலைங்கிறதுக்கு ஆடினவன் என்ன செய்வான்?” என்றார் பெரியவர்.

“சரி. கேசவ் தத் லாகூர்ல பிறந்தவர். நாடு பிரிஞ்சப்ப எல்லாத்தையும் விட்டுட்டு இந்தப் பக்கம் வந்தவர். ஆப் வரிசையில 1948லயும் தங்கம், 1952லயும் தங்கம். எல்லா நாடும் வந்து ஆடின ஒலிம்பிக். அவரு உங்க நோட்டுல மாற்று ஆட்டக்காரர்லகூட இல்லை.” நண்பர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: “கேசவ் தத் மெட்ராஸ்காரரா இருந்து, பாஸ்கரன் லாகூர்க்காரரா இருந்தா யாரைப் போட்டிருப்பீங்க அண்ணாச்சி?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். தேநீர் ஆடை படிந்து கிடந்தது. அவர் கோபித்துக் கொண்டு போகிறார் என்று நண்பருக்குத் தவிப்பாகிவிட்டது. “சும்மா கேட்டேன் அண்ணாச்சி” என்று பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார்.

வீட்டில் அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று பேரன் சொல்கிறான். பணிமனையில் இருந்தபோது ஒரு அதிகாரி தன் ஊர்க்காரருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டு, இவருடைய சீனியாரிட்டியை மூன்று வருடம் கிடப்பில் போட்ட கதையை அன்றிரவு மறுபடி சொன்னாராம். வீட்டில் எல்லோரும் நூறு முறை கேட்ட கதை. அன்றைக்கு மட்டும் கதையை முடிக்காமல் பாதியில் நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். தன்ராஜ் பெயரைக் காட்டி, “இவன் எந்த மொழி பேசினாலும் இங்கதான் இருப்பான். அதுல என் மனசு சுத்தம்” என்றார். பிறகு பக்கத்தைச் சற்றுத் திருப்பினார். லெப்ட் ஆப் இடத்தில் கேசவ் தத் பெயர் எழுதியிருந்தது. மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உதம் சிங்குக்கு அடுத்து பாஸ்கரன்.

தாராவி நண்பர் நோட்டை வாங்கி உற்றுப் பார்த்தார். மற்ற இடங்களில் எல்லாம் ரப்பர் போட்டு அழித்திருந்தது. இங்கே மட்டும் அழிக்கவில்லை. பழைய பெயர் மீது மெல்லியதாக ஒரு கோடு. கீழே இருந்த எழுத்து இன்னும் படிக்கும்படியாகத்தான் இருந்தது. நண்பர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “இன்னிக்கு தேநீர் என் கணக்கு அண்ணாச்சி” என்றார்.